பன்னாட்டு நிறுவனங்கள்: கும்பினி முதல் கம்பெனி வரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் "கம்பெனி" என்றால் இன்று ஒரே அர்த்தம்தான். ஷிப்ட் நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ இருக்கும் ஒரு தொழிற்சாலை. "பையன் கம்பெனிக்குப் போறான்" என்று உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் சொன்னால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இதெல்லாம் 1991-க்குப் பிறகு வந்த புதுக்கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதே சொல் இதே மண்ணில் 250 வருடங்களுக்கு முன்பே புழங்கியது. அன்றைய மக்கள் அதைக் "கும்பினி" என்றார்கள். வரி வாங்கியது கும்பினி, படை வைத்திருந்தது கும்பினி, நீதி சொன்னதும் கும்பினி. கட்டபொம்மன் கதைப்பாடல்களில் வரும் அதே கும்பினிதான். உத்திரமேரூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் எல்லாம் அடங்கிய ஒரு பெரிய நிலப்பரப்பு 1763-ல் லண்டனில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு வியாபாரக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது!

ஆகவே பன்னாட்டு நிறுவனம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள, இந்த மாவட்டத்தின் சரித்திரத்தைப் புரட்டினாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

பன்னாட்டு நிறுவனம் என்றால் என்ன?

வெளிநாட்டுக்குச் சரக்கு விற்கும் எல்லோரும் பன்னாட்டு நிறுவனம் ஆகிவிட முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டு வியாபாரி சிங்கப்பூருக்குச் சேலை அனுப்பினால் அது ஏற்றுமதி, அவ்வளவுதான். அவரே சிங்கப்பூரில் தன் பணத்தைப் போட்டுக் கடை திறந்து, அங்கே ஆட்களை வேலைக்கு வைத்து, கணக்கு வழக்கைக் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து பார்த்தால், அங்கேதான் பன்னாட்டுத் தன்மை தொடங்குகிறது.

பொதுவாக நான்கு அடையாளங்களைச் சொல்லலாம்.

1. அது சட்டத்தின் கண்ணில் ஒரு தனி "ஆள்". தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். முதலாளி இறந்தாலும் நிறுவனம் இறக்காது.

2. அதன் முதல் பலரிடமிருந்து வருகிறது. முதல் போட்டவர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம்.

3. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அதற்குத் தொழிற்சாலையோ, கிடங்கோ, அலுவலகமோ, நிலமோ இருக்கும்.

4. முக்கியமான முடிவுகள் ஒரே இடத்தில், தாய் நிறுவனத்தின் தலைமையகத்தில் எடுக்கப்படும். மற்ற நாடுகளில் இருப்பவை துணை நிறுவனங்கள்.

"பன்னாட்டு நிறுவனம்" என்பதற்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1960-ல் பரவச் செய்தவர் அமெரிக்காவின் டேவிட் லிலியந்தால் என்பார்கள். பெயர்தான் 1960-ல் வந்தது. பொருள் அதற்கு 360 வருடம் மூத்தது.

கம்பெனிக்கு முன்னால் இருந்தவர்கள்

கடல் கடந்து வியாபாரம் செய்வதைத் தமிழர்களுக்கு வெள்ளைக்காரர்கள் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாய்லாந்தின் தகுவாபா என்ற இடத்தில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே வெட்டப்பட்ட ஒரு குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர். அவனிநாரணன் என்பது காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அந்தக் குளத்தின் காவல் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதேபோல கற்பூரத்துக்குப் பெயர்போன சுமத்ரா தீவின் பாரூஸில், 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற குழு அங்கே இருந்ததைச் சொல்கிறது. துறைமுகத்துக்கு வரும் மரக்கலங்கள் செலுத்த வேண்டிய கட்டணத்தையும் அது பேசுகிறது.

அப்படியானால் உலகின் முதல் பன்னாட்டு நிறுவனம் ஐந்நூற்றுவர்தானா? இணையத்தில் அப்படிப் பெருமையாக எழுதுபவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு அடையாளங்களில் மூன்றாவது அவர்களுக்குப் பொருந்துகிறது. மற்றவை பொருந்துவது சந்தேகம். ஐந்நூற்றுவர் என்பது வியாபாரிகளின் சங்கம் போன்றது. பாதுகாப்பு, கட்டணம், கட்டுப்பாடு, கோயில் தர்மம் இவற்றில் ஒன்றாக நின்றார்கள். சரக்கும் லாபமும் அவரவருடையது. எல்லோரும் பணத்தை ஒரே பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டிக்கே ஒரு பெயர் வைத்து, அது தனி ஆளாக நடமாடும் ஏற்பாடு அது அல்ல.

ஆனால் "சாகாத அமைப்பு" என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இருந்தது. கோயிலில் விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்ட சபை, சந்திர சூரியர் உள்ளவரை அந்தத் தர்மத்தை நடத்துவதாகக் கல்லில் வெட்டிக் கொடுத்தது. சபையில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், சபை கொடுத்த வாக்கு மட்டும் மாறாது. சட்டக் கல்லூரியில் நிறுவனத்தின் "நீடித்த வாழ்வு" என்று சொல்லித் தருவதும் இதைத்தான். இந்த ஊரிலேயே அப்படி ஒரு சபை இருந்தது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

லண்டனும் ஆம்ஸ்டர்டாமும்

1600-ம் ஆண்டு டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், லண்டன் வியாபாரிகளின் ஒரு கூட்டத்துக்குச் சாசனம் கொடுத்தார். கிழக்கு நாடுகளுடன் வியாபாரம் செய்யும் தனியுரிமை 15 வருடங்களுக்கு அவர்களுக்கு மட்டுமே என்றது அந்தச் சாசனம். இதுதான் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிறப்பு. 1602 மார்ச்சில் டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்களில் தனித்தனியாக இருந்த கம்பெனிகளை இணைத்து ஒன்றாக்கினார்கள். அதன் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் வி.ஓ.சி. (கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யின் பெயரையும் ஆங்கிலத்தில் இதே மூன்று எழுத்துகளில்தான் சுருக்குகிறோம். சரித்திரம் செய்யும் வேடிக்கை!)

இரண்டில் டச்சுக் கம்பெனிதான் அமைப்பில் முன்னோடி. ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் முதலைப் பொதுமக்களிடமிருந்து திரட்டியது. பணம் போட்டவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது, வேண்டுமானால் பங்கை ஆம்ஸ்டர்டாம் சந்தையில் வேறொருவருக்கு விற்கலாம். ஆங்கிலக் கம்பெனியோ ஆரம்பத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் வசூலித்து, கப்பல் திரும்பி வந்ததும் லாபத்தைப் பிரித்துக் கொடுத்தது. நிரந்தர முதல் என்ற ஏற்பாடு அங்கே 1657-ல்தான் வந்தது.

நிரந்தர முதல் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரே பயணத்துக்கான பணத்தில் கோட்டை கட்ட முடியாது. 20 வருடம் பொறுத்துப் பலன் தரும் காரியத்தில் இறங்க முடியாது. பணம் வெளியே போகாது என்ற உறுதி வந்த பிறகுதான் கம்பெனியால் தூர தேசத்தில் நிலம் வாங்கி, கிடங்கு கட்டி, படை வைத்து, காத்திருக்க முடிந்தது.

துணி தேடி வந்தவர்கள்

ஆங்கிலேயர் முதலில் தேடிப் போனது மிளகும் வாசனைப் பொருட்களும் விளையும் தீவுகளை. ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் 1601-ல் கிளம்பிய முதல் பயணம் சுமத்ராவுக்குத்தான் போனது. ஐந்நூற்றுவர் போன அதே தீவு. அங்கே போன பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. இங்கிலாந்தின் கம்பளித் துணியை அந்த வெயில் நாட்டில் யாரும் விரும்பவில்லை. அங்குள்ளவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. மிளகு வேண்டுமானால் முதலில் தமிழ், தெலுங்கு நெசவாளர்களின் தறிக்கு வர வேண்டும்!

அப்படித்தான் ஒவ்வொருவராக இந்தக் கரைக்கு வந்தார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், கல்பாக்கத்துக்கு அருகில் உள்ள சதுரங்கப்பட்டினத்திலும் கட்டினார்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். ஆங்கிலேயர்கள் 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி பெற்றுச் சென்னையில் இடம் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் புதுச்சேரியில் குடியேறினார்கள். அத்தனை பேரும் கம்பெனிகள்தான். அத்தனை பேருக்கும் தேவைப்பட்டது துணி.

கம்பெனி நேரடியாக நெசவாளர் வீட்டுக்குப் போகவில்லை. நடுவில் உள்ளூர் வியாபாரிகள் இருந்தார்கள். சென்னையில் 1680-ல் இறந்த காசி வீரண்ணா அவர்களில் மிகப் பெரியவர். கம்பெனி அவர்களுக்கு முன்பணம் கொடுக்கும், அது பல கை மாறி நெசவாளருக்குப் போகும். குறித்த நாளில், குறித்த அளவில், குறித்த தரத்தில் துணி வர வேண்டும். சரியில்லை என்று கழித்துவிட்டால் நஷ்டம் கடைசியில் தறிக்காரன் தலையில் விழும். இன்று பெரிய பிராண்டுகள் வெளி ஆட்களிடம் ஒப்பந்தத்தில் வேலை கொடுத்து வாங்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இந்தத் துணி இங்கிலாந்தில் எவ்வளவு விற்றது என்றால், அங்குள்ள நெசவாளர்கள் கலகம் செய்யும் அளவுக்கு விற்றது. 1700-லும் 1721-லும் இந்தியத் துணியைக் கட்டுப்படுத்த அங்கே சட்டம் போட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கிலிருந்து உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று கூச்சல் போட்டது லண்டன். சரக்கு அனுப்பியது நம் பக்கம்.

ஊரையே வாங்கிய கம்பெனி

18-ம் நூற்றாண்டின் நடுவில் வியாபாரம் போராக மாறியது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு யார் வருவது என்ற சண்டையில் ஆங்கிலக் கம்பெனி ஒரு பக்கமும் பிரெஞ்சுக் கம்பெனி இன்னொரு பக்கமும் நின்றன. உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரான வந்தவாசியில் 1760 ஜனவரியில் நடந்த போரில் ஐர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு அங்கே முடிந்தது.

ஜெயித்தவர் பக்கம் நின்ற நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கிடைத்தது பதவியும் தீராத கடனும். (வாலாஜாபாத் ஊரின் பெயர் இவரால் வந்ததுதான்.) படைச் செலவுக்குக் கம்பெனிக்குப் பட்ட கடன் ஏறிக்கொண்டே போனது. 1763-ல் சென்னையைச் சுற்றியுள்ள செங்கல்பட்டுப் பகுதியை நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஜாகீர் என்றால், அந்த நிலத்தின் வரி வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. 1765-ல் முகலாய பாதுஷாவும் இதை உறுதிசெய்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். உத்திரமேரூரும் அதில் ஒன்று. 1780 வரை நவாபே அதைக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தார். அதன் பிறகு கம்பெனி நேரடியாக இறங்கியது.

சொத்து கைக்கு வந்ததும் எந்த நிறுவனமும் என்ன செய்யுமோ அதையே கம்பெனியும் செய்தது: கணக்கெடுப்பு. தாமஸ் பார்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இந்த ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எத்தனை ஏரி, எத்தனை கோயில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை எல்லாம் எழுதப்பட்டது. கணக்குப்பிள்ளைகள் எழுதிய தமிழ் ஓலைச்சுவடிகளும் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. விளைச்சலில் ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு ஏரிக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வைத்தியருக்கு என்று ஊருக்குள்ளேயே பிரிந்து போன ஏற்பாட்டை அவை காட்டுகின்றன. கம்பெனியின் பார்வையில் இவையெல்லாம் வரிக்கு வராமல் கழியும் இனங்கள். ஊரின் பார்வையில் அவைதான் ஊர்.

1780-ல் ஹைதர் அலி படையெடுத்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். கம்பெனி இந்தியாவில் சந்தித்த மிக மோசமான தோல்விகளில் அது ஒன்று. ஆனால் அந்தப் போரில் எரிந்ததும் பாழானதும் ஜாகீரின் கிராமங்கள். ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள், ஏரிகள் கவனிப்பாரற்றுப் போயின. இரண்டு பெரியவர்கள் மோதியதில் நடுவில் இருந்தவன் வயல் போயிற்று.

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் பெயர் இன்றும் இந்தப் பக்கத்தில் அழியவில்லை. மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில், கரையில் ராமரும் லட்சுமணரும் காவல் நிற்பதை அவர் கண்டதாக ஏரி காத்த ராமர் கோயில் கதை சொல்கிறது. அந்தக் கோயில் கல்வெட்டு அவரைக் கும்பினி ஜாகீரின் கலெக்டர் என்றே குறிக்கிறது. ஏரிகளைப் பழுதுபார்த்தவரும் அவர்தான், வருவாயைக் கறாராக உயர்த்தியவரும் மிராசுதாரர்களோடு மோதியவரும் அவர்தான். 1802-ல் ஜாகீர் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் பலரால் கிஸ்தி கட்ட முடியவில்லை. அந்த ஏற்பாடு தோற்றுப்போனது.

ஹைதரின் குதிரையும் லண்டன் ஷேரும்

இவ்வளவுக்கும் முடிவு எடுத்தது யார்? லண்டனில் லெடன்ஹால் தெருவில் இருந்த 24 டைரக்டர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது பங்குதாரர்கள். 1773-க்குப் பிறகு 1,000 பவுண்டு பங்கு வைத்திருந்தால் ஒரு ஓட்டு, 10,000 பவுண்டு இருந்தால் நான்கு ஓட்டு.

1769-ல் ஹைதர் அலி சென்னைக்கு அருகே வரை வந்துவிட்டார் என்ற செய்தி கப்பலில் போய் லண்டனைச் சேர்ந்ததும் அங்கே கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. தமிழ்நாட்டு வயலில் ஓடிய குதிரையால் லண்டன் பங்குச்சந்தை ஆடியது! உலகமயம் என்று 1990-களில் பேர் வைத்தார்களே, அது 18-ம் நூற்றாண்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

1772-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. பிரிட்டிஷ் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் காப்பாற்றியது. பதிலுக்கு 1773-ல் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து கடிவாளம் போட்டது. அதே வருடம் கம்பெனியின் தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிட ஒரு சட்டம் போட, பாஸ்டன் மக்கள் டிசம்பர் 16 அன்று தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு அதுவும் ஒரு காரணம். பெரிய நிறுவனம் விழுந்தால் அரசாங்கமே ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டியிருக்கும் என்பது 2008-ல் அமெரிக்க வங்கிகள் சொன்ன புதுப் பாடம் அல்ல.

1813-ல் இந்திய வியாபாரத்தில் கம்பெனியின் தனியுரிமை போனது. 1833 சட்டத்தோடு வியாபாரமே நின்றது. வியாபாரம் செய்யாத வியாபாரக் கம்பெனி, ஒரு தேசத்தை ஆண்டுகொண்டிருந்தது! 1857 எழுச்சிக்குப் பின் 1858-ல் ஆட்சி ராணியிடம் போனது. 1874-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

கும்பினி போய் கம்பெனிகள் வந்தன

கும்பினிக்குப் பிறகு வந்தவை அளவில் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். இந்தியாவில் 1850-ல் முதல் கம்பெனிச் சட்டம் வந்தது. 1857-ல் "வரையறுத்த பொறுப்பு" வந்தது. அதாவது நிறுவனம் திவாலானால் பங்குதாரர் இழப்பது போட்ட பணத்தை மட்டுமே, அவர் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. இனி சாசனம் கொடுக்க ராணி தேவையில்லை, பதிவு செய்தால் போதும். சென்னையில் ஏற்கெனவே பாரி (1788), பின்னி (1799) போன்ற நிறுவனங்கள் வேரூன்றியிருந்தன. உலக அளவில், அமெரிக்காவின் சிங்கர் தையல் மிஷின் கம்பெனி 1867-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய பாணிப் பன்னாட்டு நிறுவனத்துக்கு அதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். துணி வாங்க வந்த கும்பினிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சிங்கர் பொருளையே வெளிநாட்டில் செய்தது.

தமிழர்கள் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 10 லட்சம் ரூபாய் முதல், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியை எதிர்க்க அவர் கையில் எடுத்தது அதே கூட்டுப் பங்குக் கம்பெனி என்ற கருவியைத்தான். எதிரி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினான், 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், சில வருடங்களில் கம்பெனியும் போனது. ஆனாலும் கம்பெனி என்பது வெள்ளைக்காரனுக்கு மட்டுமே வசப்பட்ட வித்தை அல்ல என்பதை அவர் காட்டிவிட்டார்.

தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. பின்னியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். வேலைநிறுத்தத்தால் நஷ்டம் என்று நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பதே குற்றமா என்ற கேள்வி எழ, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு கதவைப் பாதி சாத்தியது. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம், பொதுவாக வெளிநாட்டார் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. கோகோ கோலா 1977-ல் வெளியேறியது. 1991-ல் கதவு மறுபடி திறந்தது, 1993-ல் அதுவும் திரும்பி வந்தது.

மீண்டும் அதே மாவட்டம்

பிறகு நடந்தது கண்முன் நடந்த சரித்திரம். 1996-ல் கொரியாவின் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-ல் சாண்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் பின்லாந்தின் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யத் தொடங்கியது. சாம்சங், ரெனோ-நிசான், ஃபாக்ஸ்கான் என்று பட்டியல் நீண்டது. கும்பினியோடு இவற்றை அப்படியே ஒப்பிடுவது நியாயம் இல்லை. இவற்றுக்குப் படை இல்லை, வரி வாங்கும் அதிகாரம் இல்லை, இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்களில் முதன்முதலாக மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் வந்தன. வீட்டை விட்டு வெளியே போகாத பெண்கள் ஷிப்ட் பஸ் ஏறினார்கள். இதை மறைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது.

ஆனால் நான்காவது அடையாளம் மட்டும் அப்படியே இருக்கிறது. முடிவு எடுக்கும் இடம் வேறு, விளைவு விழும் இடம் வேறு. நோக்கியா ஆலையில் உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2014-ல் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் ஆலை நின்றது. உலகத்துக்கே போன் செய்து கொடுத்தவர்கள் இருபத்தைந்து வயதில் "முன்னாள் தொழிலாளி" ஆனார்கள். அந்த ஆலையைப் பிற்பாடு சால்காம்ப் வாங்கியது, வேலை மறுபடி வந்தது. ஆனால் போன வருடங்கள் திரும்பவில்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது.

தாய் நிறுவனம், துணை நிறுவனம் என்ற பிரிவு எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்குப் போபால் சாட்சி. 1984 டிசம்பர் 2-3 இரவில் விஷவாயு கசிந்தது. இந்திய யூனியன் கார்பைடில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய் நிறுவனத்துடையது. நியூயார்க்கில் போட்ட வழக்கை 1986-ல் அங்குள்ள நீதிமன்றம் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது. 1989-ல் 47 கோடி டாலரில் சமரசம் முடிந்தது. லாபம் போகத் தெரிந்த வழியில் பொறுப்பு போக மறுத்தது.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளக் கோரிக்கையோடு அவர்கள் முக்கியமாகக் கேட்டது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 1918-ல் பின்னி தொழிலாளர்கள் கேட்டதும் அதுதான். அடுத்த மாதம், அக்டோபரில், ஹூண்டாய் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றது. அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு அது. விற்றது தாய் நிறுவனத்தின் பங்கு என்பதால் பணம் கொரியாவுக்குப் போனது. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. பன்னாட்டு நிறுவனம் என்ற அமைப்பு வேலை செய்யும் விதமே அதுதான்.

எதிர்த் திசையிலும் காற்று வீசுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டு 1955-ல் கூட்டாகச் சென்னைக்கு வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது, சென்னையில் பிள்ளை பிழைத்தது! இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் அந்த மோட்டார் சைக்கிள் உலகம் முழுக்கப் போகிறது. இங்கிலாந்தில் அதற்குத் தொழில்நுட்ப மையமும் இருக்கிறது. தலைமையகம் சென்னை. அங்குள்ள வேலைகளின் தலையெழுத்தை இப்போது இங்கிருந்து எழுதுகிறார்கள்.

கணக்கு யாரிடம்?

பன்னாட்டு நிறுவனம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்தினால் இரண்டு பக்கமும் கைதட்டல் கிடைக்கும். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. அது உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் போன்றவற்றுக்கு ஆள் எடுத்தார்கள். இதை முழு ஜனநாயகம் என்று புகழ்வது மிகை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமண ஊர்ச் சபை. பெண்களுக்கும் உழுது நட்டவர்களுக்கும் அதில் இடம் இல்லை. 1,000 பவுண்டு இருந்தால்தான் ஓட்டு என்ற லண்டன் கம்பெனியைப் போல அதுவும் உள்ளவர்களின் சபைதான்.

ஆனால் ஒரு விதி தனியாக நிற்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தேர்வுக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! ஏரி எந்த ஊரில் இருக்கிறதோ, கணக்கும் அதே ஊரில் காட்டியாக வேண்டும். கணக்கு கேட்பவர் அந்த ஏரித் தண்ணீரைக் குடிப்பவர்.

கும்பினி வந்தபோது மாறியது இதுதான். ஏரி உத்திரமேரூரில் இருந்தது, கணக்கு லெடன்ஹால் தெருவுக்குப் போனது. அங்கே அதைப் படித்தவர்களுக்கு ஏரி நிரம்பியதா வறண்டதா என்பது டிவிடெண்ட் எண்ணாக மட்டுமே தெரிந்தது. நோக்கியா தொழிலாளிக்கு நேர்ந்ததும், போபாலில் நேர்ந்ததும் வேறு வேறு அளவில் இதே தூரத்தின் விளைவுதான்.

கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்ல இந்த மாவட்டத்தால் முடியாது, சொல்லவும் தேவையில்லை. எடுத்த தண்ணீர், கொடுத்த நிலம், விட்ட கழிவு, சேர்த்த ஆட்கள், நிறுத்திய ஆட்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு இங்கேயும் காட்டப்பட வேண்டும் என்று கேட்க முடியும். அதற்கு இன்று கிராம சபை இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பராந்தகன் காலத்தில் குடத்தைத் தொட முடியாதவர்களுக்கும் இன்று கிராம சபையில் இடம் உண்டு. கேட்கிறார்களா என்பதுதான் பாக்கி.